ஏட்டு வரவும் கைக்காசும்: ஊவாத் தோட்டங்களிலே கூலி பெற்ற வரலாறு

பணத்துக்கும் வரவுக்கும் உள்ள வேறுபாடு பெரிது. பணம் உடையவன் எக்கடைக்கும் செல்லலாம்; வரவு உடையவனோ அவ்வரவு எவருடைய ஏட்டில் எழுதப்பட்டுள்ளதோ அவரிடமே செல்லுதல் வேண்டும். இக்காலத்திலே இணைய விளையாட்டுக் கணக்குகளில் இளைஞர் இடும் பணம் இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும். காசாக உட்சென்ற தொகை, அந்நிறுவனத்தின் கடையிலே பொருள் கொள்வதற்கு மட்டும் உதவும் வரவாக மாறிவிடுகின்றது. பெரும்பாலான நிறுவனங்களின் விதிப்படி அது மீண்டும் காசாகித் திரும்புவதில்லை. அதனைக் காசாக்கித் தருவோம் என முன்வரும் தரகர் கழிவு கொண்டு பிழைக்கின்றனர். புதுமை போலத் தோன்றும் இச்சிக்கல், ஊவா மாகாணத்துத் தோட்டங்களிலே ஆயிரமாயிரம் தமிழ்க் குடும்பங்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிப்போன ஒன்றாகும். அவர்கள் ஏட்டில் இட்டது காசன்று, உழைப்பு. அவ்வுழைப்பைக் காசாக்கிக் கையிற் பெறுவதற்கு நிகழ்ந்த நெடும்போராட்டமே தோட்டக் கூலியின் வரலாறு எனலாம்.

விடியுமுன் பெரட்டுக்களத்திலே ஆட்கள் அணிவகுத்து நிற்பர். கணக்குப்பிள்ளை ஒவ்வொருவரையும் எண்ணி வேலைக்கு அனுப்புவார். மாலையிலே வேலை முடிந்தபின் செக்ரோலிலே அன்றைய நாள் பதியப்படும். ஒரு நாள் வேலைக்கு ஒரு 'பேர்' என்பது தோட்டத்து வழக்கு. வேலை குறைந்ததென்று துரையோ கணக்குப்பிள்ளையோ கருதினால் அது 'அரைப்பேர்' ஆகிவிடும். இங்ஙனம் சேர்ந்த பேர்களெல்லாம் தொழிலாளியின் வரவு. அவ்வரவுக்கு எதிர்ப்பக்கத்திலே அரிசி, கம்பளி, முற்பணம், கங்காணியிடம் பட்ட கடன் என்பன பற்றாக எழுதப்பட்டன. எஞ்சியது ஏதேனும் உளதாயின் அதுவே காசு. வரவை எழுதியவனும் பற்றை எழுதியவனும் அரிசியின் விலையைக் குறித்தவனும் ஒரே தரப்பினராயிருந்தமை இங்கே கருதத்தக்கது. எழுத்தறியாத தொழிலாளி இவற்றுள் எதனையும் சரிபார்க்கும் நிலையில் இருந்தானல்லன்.

இம்முறைமை முற்றிலும் சூழ்ச்சியால் விளைந்தது என்று கொள்வதும் பொருந்தாது. ஊவாவின் நில அமைப்பும் அதற்கு ஒரு காரணமாயிற்று. பதுளை, பசறை, லுணுகலை, மடுல்சீமை ஆகிய பகுதிகள் கொழும்புத் துறைமுகத்திலிருந்து நெடுந்தொலைவிலுள்ளன. புகையிரதப் பாதை நானு-ஓயாவை 1885-இலே அடைந்தது. அப்புத்தளைக்கு 1893-இலும் பண்டாரவளைக்கு 1894-இலும் வந்தது. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்து, 1924-இலேதான் பதுளைக்கு வந்து சேர்ந்தது. அதுவரை பதுளைக்கு அப்பாலுள்ள மலைகளுக்கு அரிசி மாட்டு வண்டிகளிலும் பொதி மாடுகளின் முதுகிலுமே ஏறிச் சென்றது. தொழிலாளி உண்ணும் அரிசியோ பெரும்பாலும் கடல் கடந்து வந்தது. காசைக் கையிற் கொடுத்து, வேண்டிய அரிசியை வேண்டிய இடத்தில் வாங்கிக்கொள்க என்று கூறுவதற்கு அங்கே கடைவீதி ஏது? ஆகவே தோட்டமே அரிசி வாங்கி ஆட்களுக்கு அளந்து கொடுத்தது. தொடக்கத்திலே தேவையாயிருந்தது காலப்போக்கிலே பிணிப்பாயிற்று. பாதை வந்த பின்னரும் கடைகள் தோன்றிய பின்னரும் அரிசிப் பற்று ஒழியவில்லை.

சில்லறை நாணயத்தின் பஞ்சமும் இதற்குத் துணைசெய்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே இலங்கையில் வழங்கிய செப்புக் காசு நாட்டின் தேவைக்குப் போதியதாக இருக்கவில்லை. கொழும்பிலே கோப்பியைப் பதஞ்செய்த கொம்பனிகள் தம் பெயர் பொறித்த வில்லைகளை வழங்கின. வேகந்தை ஆலையின் பெயரோடு ஜோர்ஜ் ஸ்டூவர்ட் கொம்பனி வெளியிட்ட வில்லைகள் இன்றும் நாணயம் சேகரிப்போரிடையே பெயர்பெற்றவை. இத்தகைய வில்லைக்குப் பெறுமதி தருவது அதனை வெளியிட்டவனின் வாக்கு மட்டுமே. அவன் மறுப்பின் அது வெறும் உலோகத் துண்டு. அரசாங்கம் 1870-ஆம் ஆண்டுக் குறிப்போடு செப்புச் சதங்களை அடித்து வெளியிட்டு, 1872-இலே ரூபாவையும் சதத்தையும் கொண்ட தசமக் கணக்கை நிலைநிறுத்திய பின்னரே வில்லைகளின் தேவை குறைந்தது. இங்கிலாந்திலே தொழிலாளருக்குக் கூலியைப் பொருளாகவோ வில்லையாகவோ கொடுத்தலை 1831-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருந்தது. அந்நாட்டாரே உரிமையாளராயிருந்த இலங்கைத் தோட்டங்களிலே அதன் பின்னரும் கூலியின் பெரும்பகுதி அரிசியாக அளக்கப்பட்டமை வியப்புக்குரியதே. கடலைக் கடக்கும்போது சட்டங்கள் சில கரையிலேயே நின்றுவிடுகின்றன போலும்.

கோப்பிப் பயிரை அழித்த இலை நோய் 1869-இலே முதன்முதல் மடுல்சீமைப் பகுதியிலேயே கண்டறியப்பட்டது. பத்து, பதினைந்து ஆண்டுகளுள் கோப்பி வீழ்ந்தது. தோட்டத்தோடு தோட்டத்தின் ஏடும் வீழ்ந்தது. பல தோட்டங்களிலே பல மாதக் கூலி கொடுபடாமல் நின்றது. ஏட்டிலே வரவு இருந்தது; ஏட்டுக்குரியவனிடமோ காசு இல்லை. 1884 மே 3-ஆந் திகதி ஓரியண்டல் பாங்கு கதவடைத்தது. அப்பாங்கு வெளியிட்ட நோட்டுக்கள் இலங்கையெங்கும் பணமாகவே புழங்கியவை. தேசாதிபதி சேர் ஆதர் கோடன், இலண்டனின் அனுமதிக்குக் காத்திராது, அந்நோட்டுக்களுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும் என்று அறிவித்தார். அவ்வாண்டிலேயே அரசாங்கம் தானே நோட்டு வெளியிடுதற்கான சட்டமும் நிறைவேறிற்று.

நோட்டு வைத்திருந்தவர்களின் வரவு இவ்வாறு ஓரிரு நாளிலே காப்பாற்றப்பட்டது. செக்ரோலிலே வரவு வைத்திருந்தவர்களுக்கோ அத்துணை விரைவு கிட்டவில்லை. தோட்டம் விற்கப்படின் கூலிப் பாக்கியே அதன்மேல் முதற்கடனாகும் என்னும் பாதுகாப்பு அக்காலத்துச் சட்டங்களால் வந்தது. 1889-ஆம் ஆண்டின் 13-ஆம் இலக்கச் சட்டம், கூலியை மாதந்தோறும் கணக்கிட்டு, மாதம் முடிந்து அறுபது நாட்களுள் கொடுத்தல் வேண்டும் என விதித்தது. அறுபது நாள் என்பதைச் சட்டமே இசைந்தளித்த தவணை என்று கொண்டால், அக்காலத்திலே எத்தகைய தாமதம் இயல்பாயிருந்தது என்பது தானே விளங்கும். இரண்டு மாதம் காசின்றி வாழ்பவன் கடன் படாது வாழ்தல் எங்ஙனம்?

இனி, இவ்வரலாற்றின் நடுநாயகமாக நிற்கும் 'துண்டு' என்பதனை நோக்குதல் வேண்டும். துண்டு என்னும் எளிய தமிழ்ச் சொல் ஆங்கில அரசாங்கத்தின் சட்டப் பெயரிலும் இடம்பெற்றுவிட்டது. தென்னிந்தியாவிலே ஆள் சேர்ப்பதற்குத் தோட்டத்துரை பெரிய கங்காணிக்கு முற்பணம் கொடுப்பார். அது கங்காணியின் பெயரிலே கடனாகும். கங்காணி அதனைத் தாம் கொணர்ந்த ஆட்களின் தலைமேல் வழிச்செலவு, உணவு, துணி எனப் பிரித்து எழுதுவார். 1901-இலே தகரவில்லை முறை வந்தபோது தோட்டத்தின் எண் பொறித்த வில்லையைக் கழுத்திலே கட்டிக்கொண்டு ஆட்கள் பயணஞ்செய்தனர். வழிச்செலவை அரசாங்கம் முன்னர்ச் செலுத்திப் பின்னர்த் தோட்டத்திடம் பெற்றது. அச்செலவும் முடிவிலே ஆளின் பற்றுப் பக்கத்திலே வந்து சேர்ந்தது. மலையேறி முதற்கொழுந்து கிள்ளுமுன்னரே தொழிலாளி கடனாளியானான்.

சட்டப்படி அவன் கட்டுண்டவன் அல்லன். 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அவன் மாதக் கூலியாள். ஒரு மாத முன்னறிவித்தல் கொடுத்து விலகலாம். அறிவித்தலின்றி விலகினாற் சிறைத்தண்டனை. ஆயினும் முறைப்படி விலகியவனையும் பிற தோட்டத்தார் துண்டு இன்றி ஏற்பதில்லை. இன்ன கங்காணியும் அவருடைய ஆட்கள் இத்தனை பேரும், இத்தனை ரூபாக் கடன் இத்தனை நாளுள் செலுத்தப்படின் விடுவிக்கப்படுவர் என்று துரை கையொப்பமிட்டுக் கொடுக்கும் சீட்டே துண்டு. ஐம்பது ஆட்களும் இரண்டாயிரம் ரூபாக் கடனும் உடைய கங்காணி ஒருவர் துண்டைக் கையிற்கொண்டு பசறையிலிருந்து அப்புத்தளை வரை தோட்டந்தோட்டமாகச் செல்கிறார் என்க. ஆள் வேண்டி நிற்கும் துரை அவ்விரண்டாயிரத்தைச் செலுத்துவார். கங்காணியை ஈர்ப்பதற்கு அதன்மேலும் சில நூறு கொடுப்பார். பழைய தோட்டத்தின் கடன் காசாகித் தீர்ந்தது. புதிய தோட்டத்திலே அதனினும் பெரிய கடன் பிறந்தது. மேலாகக் கொடுத்த சில நூறு ரூபாவைக் கங்காணி கையிற்கொண்டார். கடன்சுமையோ ஆட்கள்மேல் நின்றது. ஆள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசும் உண்டு.

இதிலே காணத்தக்க முரண் ஒன்றுளது. தொழிலாளியின் வரவு காசாகாதது. எந்தக் கடைக்காரனும் செக்ரோலிலுள்ள பேர்களை ஏற்றுப் பண்டம் தருவதில்லை. அவனுடைய கடனோ எங்கும் செல்லத்தக்கது. துண்டாகி ஊவாவிலிருந்து திம்புளை வரையும் கைமாறவல்லது. அவனுக்கு உரியது அசையாது நிற்க, அவன் தரவேண்டியது நாணயம்போல் ஓடியது. கங்காணிமாருக்குக் கடன் கொடுத்த நாட்டுக்கோட்டைச் செட்டிமாரும், முற்பணத்தைத் தம் உடைமையாகக் கணக்கேட்டிற் காட்டிய தோட்டக் கொம்பனிகளும் அக்கடனையே நம்பித் தொழில் நடத்தினர். ஆட்பஞ்சம் ஏற்பட்டபோதெல்லாம் துண்டின் விலை உயர்ந்தது; கூலி உயரவில்லை. கூலியை உயர்த்துதற்குச் செலவிட்டிருக்கவேண்டிய பணமே துண்டின் விலையாகச் சென்றது என்று கூறுவது மிகையன்று. துரைமாரும் இதனால் நலிவுற்றனர். தம்முள் ஒருவர் ஆளை ஒருவர் இழுக்கும் போட்டியை நிறுத்த அவர்களுடைய சங்கம் பன்முறை முயன்றும் பயனில்லை.

துண்டுக்கு எதிரான குரல் இலங்கைத் தமிழரிடையிலிருந்தும் எழுந்தது. சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919-இலே தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை நிறுவினார். அவருக்குத் துணைநின்ற பெரி சுந்தரம் பின்னர் 1931-இலே தொழில் அமைச்சரானார். இந்திய அரசாங்கத்தின் நெருக்குதலும் வலுத்தது. 1921-ஆம் ஆண்டின் 43-ஆம் இலக்கச் சட்டம் துண்டைத் தடைசெய்தது. துண்டு கொடுத்தலும் வாங்குதலும் குற்றமாயின. 1923-ஆம் ஆண்டின் முதலாம் இலக்கச் சட்டம், ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியிடம் அறவிடலாகாது என்றது. அச்செலவுக்கெனத் தோட்டங்களிடமிருந்து பணம் திரட்டிப் பொது நிதியொன்று அமைக்கப்பட்டது. மலையேறுமுன் கடனாளியாகும் நிலை அதனோடு சட்டப்படி நீங்கிற்று.

எஞ்சியது அரிசி. 1927-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்கீழ் 1929 தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வந்த விகிதங்களின்படி, உயர்மலைத் தோட்டங்களிலே ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் பிள்ளைக்கு 32 சதமும் கூலியாயின. தோட்டம் வழங்கும் அரிசியின் விலையும் குறிக்கப்பட்டது.  இதிலே நன்மை இல்லாமலில்லை. முதல் உலகப் போரையடுத்து அரிசி விலை வானளாவியபோது, சந்தையிற் காசு கொடுத்து வாங்கியவன் பட்ட துன்பத்தைத் தோட்டத்து அரிசி பெற்றவன் அத்துணை படவில்லை. விலை உறுதியான பண்டமாக வரும் கூலி ஏற்றக் காலத்திலே காப்பு. இறக்கக் காலத்திலே விலங்கு. சட்டம் விலையை எழுதி வைத்தமையால், ஏட்டுக்குரியவனே விலையையும் குறிக்கும் பழைய அதிகாரமாவது அகன்றது.

கூலி காசாயிற்று; வேறொரு வரவு பிறந்தது. 1958-ஆம் ஆண்டின் 15-ஆம் இலக்கச் சட்டத்தால் ஊழியர் சேமலாப நிதி ஏற்பட்டது. இன்று ஊழியர் கூலியிலிருந்து நூற்றுக்கு 8 வீதமும், தொழில்கொள்வோரிடமிருந்து 12 வீதமும் அதிலே சேர்கின்றன. ஆண் 55 வயதிலும் பெண் 50 வயதிலும் அதனைக் காசாக்கலாம். நாட்டை விட்டு நிரந்தரமாக நீங்குவோர் முன்னரே பெறலாம். முதுமைக்கெனப் பூட்டி வைத்த இவ்வரவைப் பழைய பற்றேட்டோடு ஒப்பிடுதல் நீதியன்று. எனினும் அதனைக் காசாக்குதற்குரிய வேளை பலருக்கு முதுமையிலன்றி நாடு நீங்கும்போதே வந்தது. 1964 ஒக்டோபர் 30-ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்படிக்கை, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் உரியராக்கியது. செல்வோர் தம் சேமலாப நிதியையும் பணிக்கொடையையும் உள்ளிட்ட உடைமைகளைக் கொண்டுசெல்ல அது இடமளித்தது. ஆயினும் செலாவணிக் கட்டுப்பாடு குறுக்கே நின்றது. ஒரு குடும்பம் கொண்டுசெல்லத்தக்க தொகையின் உச்சவரம்பு 4,000 ரூபாவுக்குக் கீழே இறக்கப்படாது என்பதே இலங்கை அரசாங்கம் அளித்த உறுதி.

உழைப்பு ஏட்டில் வரவாகி, வரவு நிதியாகி, நிதி காசான பின்னரும், அக்காசு எல்லை கடத்தற்கு அளவு குறிக்கப்பட்டது. பதுளை மலைகளிலே பிறந்து அங்கேயே முதிர்ந்த பலர், மலையிறங்கித் தலைமன்னார் சென்று கப்பலேறுமுன், தோட்டக் கந்தோரிலே கணக்குத் தீர்த்துக் கையொப்பத்துக்குப் பதிலாகப் பெருவிரலைப் பதித்தனர். இங்கேயே தங்கியவர்களுக்கோ வேறொரு தடை உளது. பிறப்புப் பதிவிலே ஒரு பெயரும், அடையாள அட்டையிலே அதன் வேறொரு வடிவமும், செக்ரோலிலே கணக்குப்பிள்ளை தம் செவிக்குப் பட்டவாறு எழுதிய பிறிதொரு பெயருமாக இருப்போர் தோட்டங்களிலே மிகப் பலர். நிதியைக் கோரச் செல்லும் முதியவள், அந்த மூன்று பெயரும் தானே என்று மெய்ப்பித்தல் வேண்டும். அதற்குரிய சத்தியக் கடதாசியைப் பெற மலையிலிருந்து பதுளை நகருக்கு அவள் இரண்டு, மூன்று முறை வந்து திரும்புகிறாள்.