வென்றதாகச் சொல்லப்படும் ஒரு விவாதம்

நிரல் எழுதப் பழகுகிறவர்களிடையே ஒரு கதை நீண்ட காலமாகப் புழங்குகிறது. ஒரு மாணவன் பொழுதுபோக்காக எழுதிய இயங்குதளத்தைப் பேர்பெற்ற பேராசிரியர் ஒருவர் காலாவதியான சரக்கு என்றார், மாணவன் மசியவில்லை, கடைசியில் உலகமே அவன் பக்கம் வந்தது. 1992 ஜனவரி 29 அன்று ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானன்பாமுக்கும் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸுக்கும் இடையே தொடங்கிய வாக்குவாதம்தான் அது. ஊர் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே, உன் வேலையைப் பார் என்பதற்குச் சான்றாக இதைச் சொல்கிறார்கள். முன்னும் பின்னும் நடந்தவற்றை ஆண்டுவாரியாக அடுக்கிப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. டானன்பாம் வைத்த இரண்டு குற்றச்சாட்டுகளில் ஒன்றில் டோர்வால்ட்ஸ் தோற்றார். அந்தத் தோல்வியைச் செயலில் ஏற்றுக்கொண்டதால்தான் அவர் எழுதிய லினக்ஸ் பிழைத்தது.

டோர்வால்ட்ஸ் இயங்குதளப் பாடம் கற்றதே டானன்பாமிடம்தான், நேரில் அல்ல, நூல் வழியாக. 1987இல் வெளியான டானன்பாமின் பாடநூலோடு மினிக்ஸ் என்ற சிறிய இயங்குதளமும் வந்தது. மூலநிரல் ஏறக்குறைய 12,000 வரிகள். மாணவர்கள் ஒரு பருவத்துக்குள் படித்து முடிக்க வேண்டும் என்பதற்காக, பலரும் கேட்ட கூடுதல் வசதிகளைச் சேர்க்க அவர் மறுத்துவந்தார். 1991 தொடக்கத்தில் 386 சிப் உள்ள கணினி ஒன்றை வாங்கிய டோர்வால்ட்ஸ் அதில் மினிக்ஸை நிறுவினார். சிப்பின் போக்கை அறிய அவர் எழுதிப் பார்த்தது மிகச் சின்ன நிரல்: ஒரு பணி திரையில் ஏ என்ற எழுத்தை அச்சிடும், இன்னொன்று பி என்ற எழுத்தை, இரண்டும் முறை மாற்றி ஓடுகின்றனவா என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான். அது பல்கலைக்கழகக் கணினியோடு தொடர்புகொள்ளும் டெர்மினல் நிரலாக வளர்ந்தது. கோப்புகளைச் சேமிக்கும் வசதியும் சேர்ந்து, இயங்குதளமாகவே ஆனது. ஆகஸ்ட் 25 அன்று மினிக்ஸ் பயனாளர்களுக்கு எழுதிய அறிவிப்பில், இது வெறும் பொழுதுபோக்கு, 386ஐ விட்டு நகராது என்று அவரே சொன்னார். மினிக்ஸில் பிடித்தது எது, பிடிக்காதது எது என்றும் கேட்டார். குறை கேட்டுத் தொடங்கிய வேலை இது என்பதைக் கதை சொல்கிறவர்கள் விட்டுவிடுகிறார்கள்.

குறைகள் வந்தன. ஜெர்மனியில் ஒருவருடைய கணினியில் இரண்டு மெகாபைட் நினைவகம்தான் இருந்தது. அதில் லினக்ஸின் மைய நிரலான கர்னலைத் தொகுக்க முடியவில்லை. டோர்வால்ட்ஸிடம் அதைவிடப் பெரிய கணினி இருந்ததால் அவருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனாலும் 1991 கிறிஸ்துமஸ் விடுமுறையில் உட்கார்ந்து, நினைவகம் போதாதபோது அதன் பகுதிகளை வட்டுக்கு மாற்றிவைக்கும் வசதியை எழுதினார். 1992 ஜனவரியில் வந்த 0.12 பதிப்பில் அது இருந்தது. அப்போது மினிக்ஸில் அது கிடையாது. புகழ்பெற்ற விவாதத்தைவிட இந்தச் சின்னக் கோரிக்கையை நான் பெரிதாக மதிக்கிறேன். முன்பின் தெரியாத ஒருவருடைய கணினியில் தன் நிரல் எங்கே முடங்குகிறது என்று பார்த்து அதைச் சரிசெய்வதில்தான் கற்பது நடக்கிறது.

டானன்பாமின் குற்றச்சாட்டுகள் இரண்டு. கோப்பு, நினைவகம், சாதனங்கள் எல்லாவற்றையும் ஒரே பெரிய நிரலாகக் கட்டுவது பழைய முறை. சிறு நிரல்களாகப் பிரித்து, அவை தமக்குள் செய்தி பரிமாறும் மைக்ரோகர்னலே சரி என்பது ஒன்று. 386 சிப் ஒன்றோடு மட்டும் பிணைத்து எழுதியது தவறு என்பது மற்றொன்று. என் மாணவனாக இருந்திருந்தால் நல்ல மதிப்பெண் கிடைத்திருக்காது என்று பின்னொரு பதிவில் குத்தினார். முதல் பதிவுக்கு டோர்வால்ட்ஸ் உடனே சூடாகப் பதில் எழுதினார். மறுநாளே தொனிக்காக மன்னிப்புக் கேட்டார். மைக்ரோகர்னல் கோட்பாட்டளவில் மேலானது என்பதை முதல் பதிலிலேயே ஒப்புக்கொண்டிருந்தார். யூனிக்ஸை உருவாக்கிய கென் தாம்சனும் நடுவே வந்து, ஒற்றைக் கர்னலை எழுதுவது எளிது, திருத்தத் திருத்த அது குழம்பிப்போவதும் எளிது என்றார்.

முதல் குற்றச்சாட்டில் டோர்வால்ட்ஸ் இறங்கிவரவில்லை. லினக்ஸ் இன்றும் ஒற்றைக் கர்னல்தான். இரண்டாவதில் நடந்ததே வேறு. டெக் நிறுவனத்தின் ஆல்ஃபா கணினி கைக்கு வந்ததும், 64 பிட் சிப்புக்காக அவரே கர்னலைத் திருத்தி எழுத இறங்கினார். சிப்புக்குச் சிப்பு மாறும் பகுதிகள் தனியே பிரிக்கப்பட்டன. 1995 மார்ச்சில் வந்த 1.2 பதிப்பில் ஆல்ஃபா, மிப்ஸ், ஸ்பார்க் ஆகிய மூன்று சிப்புகளும் இடம்பெற்றன. 1997இல் அவர் ஹெல்சிங்கியில் அளித்த முதுகலை ஆய்வேட்டின் தலைப்பே லினக்ஸின் பெயர்வுத்திறனைப் பற்றியது. 2013 பிப்ரவரியில் வந்த 3.8 பதிப்போடு 386 சிப்புக்கான ஆதரவை லினக்ஸ் கைவிட்டது. டானன்பாம் கைகாட்டிய அந்தப் பிணைப்பிலேயே நின்றிருந்தால், சிப்போடு நிரலும் போயிருக்கும்.

வென்றவனின் கதையை வைத்து விதி சொல்லலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நான் சொல்வது டோர்வால்ட்ஸ் வென்றார் என்பதை அல்ல. எந்தத் திருத்தம் எந்தக் குறையிலிருந்து வந்தது என்பதைத்தான். அதைப் பதிப்புகளின் வரிசையிலேயே பார்க்கலாம். பொழுதுபோக்குக்கு எழுதியவன் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்பது இன்னொரு மறுப்பு. தனக்கு மட்டும் எழுதுகிறவன் சொல்ல வேண்டியதில்லை. பிறர் கணினியில் ஓடட்டும் என்று வெளியிட்டவனுக்கு அந்தச் சலுகை இல்லை. கடுமையாகப் பேசினால்தான் தரம் வரும் என்பாரும் உண்டு. பல ஆண்டுகள் சக நிரலர்களிடம் அப்படிப் பேசிய டோர்வால்ட்ஸே 2018 செப்டம்பரில் அதற்கு வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கினார். அந்த இடைவெளியில் 4.19 பதிப்பு வேறொருவர் பொறுப்பில் ஒழுங்காக வெளிவந்தது.

டானன்பாம் பொறாமையில் பேசினார் என்று சொல்வது அவருக்குச் செய்யும் அநீதி. 2004இல் அமெரிக்க ஆய்வு நிறுவனம் ஒன்று, ஒரு மாணவனால் தனியாக இயங்குதளம் எழுதியிருக்க முடியாது, மினிக்ஸிலிருந்து எடுத்திருப்பார் என்று கிளப்பியது. அதை மறுத்து, லினக்ஸ் டோர்வால்ட்ஸ் எழுதியதே என்று பகிரங்கமாக எழுதியவர் டானன்பாம்தான். மைக்ரோகர்னலே மேல் என்ற தம் கருத்தை அப்போதும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை.