டஃபரின் பிரபு

டஃபரின்–ஆவா முதலாம் மார்க்வெஸ் (21 ஜூன் 1826 – 12 பிப்ரவரி 1902) பிரிட்டிஷ் தூதர், லிபரல் கட்சி அரசியல்வாதி. இயற்பெயர் ஃபிரெடெரிக் பிளாக்வுட். கனடாவின் கவர்னர் ஜெனரலாகவும் இந்தியாவின் வைஸ்ராயாகவும் இருந்தார். ரஷ்யா, துருக்கி, இத்தாலி, பிரான்ஸ் ஆகிய நாடுகளில் தூதராகப் பணியாற்றினார். விக்டோரியா காலத்துப் பேரரசில் இத்தனை பெரிய பதவிகளை வகித்தவர்கள் வெகு சிலர். எதிராளியின் கோபத்தைத் தணித்துக் காரியத்தை முடிப்பதில் வல்லவர். சொந்த வரவுசெலவில் மட்டும் அந்தச் சாமர்த்தியம் அவருக்குக் கைகொடுக்கவே இல்லை.

பிறப்பும் தாயும்

இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் பிறந்தார். தந்தை பிரைஸ் பிளாக்வுட் கடற்படை அதிகாரி. வடக்கு அயர்லாந்தில் கிளாண்டிபாய் பண்ணை நிலங்களை உடைய குடும்பத்தின் வாரிசு. தாய் ஹெலன், நாடகாசிரியர் ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடனின் பேத்தி. பெண் அழகி, ஆனால் கையில் காசில்லாதவள் என்று மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்ததால்தான் தம்பதியர் இத்தாலிக்குப் போய்க் குடியிருந்தனர். ஹெலன் பாட்டுகள் எழுதிப் பெயர் பெற்றவர். அவருடைய தங்கை கரோலின் நார்ட்டன், கணவரைப் பிரிந்த தாய்மாருக்குப் பிள்ளைகள் மீது உரிமை வேண்டும் என்று போராடி, 1839இல் அதற்கொரு சட்டம் வரக் காரணமானவர்.

1841இல், லிவர்பூலிலிருந்து பெல்ஃபாஸ்டுக்குப் போகும் கப்பலில், மார்ஃபின் அளவுக்கு மீறியதால் தந்தை இறந்தார். 15 வயதில் ஃபிரெடெரிக் ஐந்தாம் டஃபரின் பாரன் ஆனார். அதன்பின் அவரை உருவாக்கியவர் தாய்தான். 1861இல் கிளாண்டிபாயில் கட்டி முடித்த கோபுரத்துக்கு 'ஹெலன் கோபுரம்' என்று அம்மாவின் பெயரையே வைத்தார். மகனின் வேண்டுகோளுக்கு இணங்கி அதற்கென டென்னிசன் ஒரு கவிதை எழுதித் தந்தார். முதல் உலகப்போரில் அல்ஸ்டர் படைப்பிரிவினர் இந்தப் பண்ணையில் பயிற்சி பெற்றனர். சோம் போர்க்களத்தில் மாண்ட அவர்களுக்காக 1921இல் பிரான்ஸில் எழுப்பிய நினைவுச்சின்னம் இந்தக் கோபுரத்தின் சாயலிலேயே அமைந்தது.

ஈட்டன் பள்ளியிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் படித்தார். பட்டம் பெறாமல் வெளியேறினார். மாணவராக இருந்த 1847இல் நண்பர் ஒருவருடன் பஞ்சம் பீடித்த ஸ்கிபெரீன் ஊருக்குப் போய், பார்த்ததைச் சிறு நூலாக வெளியிட்டார். இரக்கம் உண்மையானதுதான். ஆனால் அயர்லாந்தின் நிலச்சீர்திருத்தம் பற்றிப் பேச்சு எழுந்தபோது நிலவுடைமையாளர் பக்கம் நின்றே வாதாடினார்.

1856இல் ஃபோம் என்ற பாய்மரக் கப்பலில் ஐஸ்லாந்து, யான் மாயன், ஸ்பிட்ஸ்பெர்கன் வரை போய்வந்தார். தாய்க்கு எழுதிய கடிதங்களின் வடிவில் அடுத்த ஆண்டு வெளிவந்த பயண நூல் பெரும் வரவேற்புப் பெற்றது. பதவிகள் கிடைப்பதற்கு முன்பே புகழ் வந்துவிட்டது.

லெபனானும் கனடாவும்

1860இல் லெபனான் மலையிலும் டமாஸ்கஸிலும் கிறிஸ்தவர்கள் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டதை விசாரிக்க வல்லரசுகள் ஒரு குழுவை அமைத்தன. அதில் பிரிட்டனின் பிரதிநிதி டஃபரின். உள்ளூர்க்காரர் அல்லாத ஒரு கிறிஸ்தவர், ஒட்டோமான் சுல்தானின் கீழ் லெபனானை ஆள்வது என்ற ஏற்பாடு 1861இல் அமலானது. பிரான்ஸ் அங்கே நிலைகொள்வதைத் தடுத்தது அவருக்கு முதல் பெரிய வெற்றி.

1862 அக்டோபரில் ஹாரியட் ரோவன்–ஹாமில்டனை மணந்தார். அதே மாதம், மரணப்படுக்கையில் கிடந்த கிஃபர்டு பிரபுவை டஃபரினின் தாயும் மணந்துகொண்டார். பின்னர் டஃபரின் இந்திய, போர்த் துறைகளில் துணை அமைச்சர், கிளாட்ஸ்டன் அரசில் லங்காஸ்டர் டச்சியின் சான்சலர் என ஏறி, 1871இல் ஏர்ல் ஆனார்.

கனடாவில் (1872–78) பதவியேற்ற சிறிது காலத்திலேயே பசிபிக் ரயில்பாதை ஊழல் வெடித்து, பிரதமர் மெக்டொனால்ட் விலக நேர்ந்தது. ரயில் வரவில்லை என்று முறுக்கிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு 1876இல் நேரில் போய்ச் சமாதானம் பேசினார். கியூபெக் நகரின் பழைய மதில்கள் இடிபடாமல் காத்தவரும் அவரே. அங்குள்ள டஃபரின் மேடை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒருமுறை பல்கலைக்கழக விழாவில் அவர் கிரேக்க மொழியில் உரையாற்ற, உச்சரிப்பு பிழையற்றது என்று பத்திரிகையில் செய்தி வந்ததாம். நிருபருக்கு அதைச் சொன்னவர் மெக்டொனால்ட். உமக்குத்தான் கிரேக்கம் தெரியாதே என்று கேட்டவரிடம், அரசியல் கொஞ்சம் தெரியும் என்றாராம். கதை எந்த அளவுக்கு மெய்யோ, டஃபரினை மற்றவர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு நல்ல சான்று.

இதற்கிடையே வீட்டுக் கடன் மலையாக வளர்ந்திருந்தது. கிளாண்டிபாய் மாளிகையைப் புதுப்பித்த செலவு, கவர்னர் மாளிகை விருந்துகள், குறையாத தாராளம். 1870களில் குடும்ப நிலத்தின் பெரும்பகுதியை விற்றார். பிறகு செயின்ட் பீட்டர்ஸ்பர்க், கான்ஸ்டான்டிநோபிள் தூதரகங்கள். பிரிட்டன் எகிப்தைக் கைப்பற்றியபின் அங்குள்ள நிர்வாகம் பற்றி ஒரு விரிவான அறிக்கை.

வைஸ்ராய்

1884 டிசம்பரில் ரிப்பனை அடுத்து இந்தியா வந்தார். மறு ஆண்டு பஞ்ச்தே என்ற இடத்தில் ரஷ்யப் படை ஆப்கானியரைத் தாக்கியபோது, அமீர் அப்துர் ரஹ்மான் ராவல்பிண்டியில் அவருடைய விருந்தினராக இருந்தார். இருவரும் நிதானம் காத்ததால் போர் மூளவில்லை.

பர்மாவில் அந்த நிதானம் இல்லை. மரம் வெட்டும் பிரிட்டிஷ் கம்பெனி ஒன்றுக்கு மன்னர் தீபாவின் அரசு விதித்த அபராதமும், பிரெஞ்சுக்காரர்களோடு மன்னர் உறவாடுகிறார் என்ற சந்தேகமும் காரணங்களாயின. 1885 நவம்பரில் மண்டலே வீழ்ந்தது. மன்னர் ரத்தினகிரிக்கு நாடுகடத்தப்பட்டார். 1886 ஜனவரி 1 அன்று மேல் பர்மா இணைக்கப்பட்டது. சண்டை இரு வாரத்தில் முடிந்தாலும் எதிர்ப்பை அடக்கப் பல ஆண்டுகள் பிடித்தன. பழைய தலைநகர் ஆவாவின் பெயரையே 1888இல் தம் மார்க்வெஸ் பட்டத்தில் சேர்த்துக்கொண்டார். கைப்பற்றிய ஊரின் பெயரைப் பரம்பரைக்கு எழுதிவைப்பதில் அக்காலத்தவருக்குக் கூச்சம் இருக்கவில்லை.

காங்கிரஸ் 1885 டிசம்பரில் பம்பாயில் பிறந்தபோது வைஸ்ராய் அவரே. மறு ஆண்டு கல்கத்தா மாநாட்டுக்கு வந்தவர்களுக்குத் தோட்ட விருந்து வைத்தார். 1888 நவம்பரில், நாடு திரும்பும் முன் பேசிய விருந்தொன்றில், படித்த இந்தியர் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறு கூட்டம் என்று ஏளனம் செய்தார். சட்டசபைகளை விரிவுபடுத்தலாம் என்று அதே காலத்தில் லண்டனுக்கு ரகசியமாகப் பரிந்துரைத்தவரும் அவர்தான்; 1892ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு விதை அது. மேடையில் ஒன்று, கோப்பில் ஒன்று.

சிம்லாவில் அவர் எழுப்பிய வைஸ்ராய் மாளிகை 1888இல் முடிந்தது. அதை வடிவமைத்த ஹென்றி இர்வின் பின்னர் சென்னைக்கு வந்து உயர் நீதிமன்றக் கட்டடத்தை உருவாக்கினார். கணவரின் அரசியலைவிட நீண்டகாலம் பயன் தந்தது ஹாரியட்டின் பணி எனலாம். ஆண் மருத்துவரிடம் காட்ட இயலாத பெண்களுக்குப் பெண் மருத்துவரும் தாதியரும் கிடைக்க 1885இல் அவர் தொடங்கிய நிதியால் பல ஊர்களில் மகளிர் மருத்துவமனைகள் எழுந்தன.

கடைசி ஆண்டுகள்

ரோமிலும் பாரிஸிலும் தூதராக இருந்து 1896இல் ஓய்வு பெற்றார். பணமுடை தீரவில்லை. சுரங்கப் பங்குகளில் விளையாடிய விட்டேக்கர் ரைட் என்பவர், பிரபுவின் பெயருக்கிருந்த மதிப்புக்காக அவரை லண்டன் அண்ட் குளோப் நிறுவனத்தின் தலைவராக்கினார். 1900 ஜனவரியில் மூத்த மகன் ஆர்ச்சிபால்ட் தென்னாப்பிரிக்கப் போரில் லேடிஸ்மித் அருகே படுகாயமுற்று இறந்தார். டிசம்பரில் நிறுவனம் கவிழ்ந்தது. டஃபரினின் சொந்தப் பணமும் போயிற்று. ஆனாலும் ஓடி ஒளியாமல் பங்குதாரர் கூட்டத்தை எதிர்கொண்டார். 1902 பிப்ரவரியில் கிளாண்டிபாயில் காலமானார். ரைட் 1904இல் தண்டனை பெற்ற அன்றே நஞ்சருந்தி இறந்தார்.

பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்

பிள்ளைகள் எழுவர். மகள் ஹெலனின் கணவர் மன்ரோ ஃபெர்குசன் ஆஸ்திரேலியாவின் கவர்னர் ஜெனரலாகவும், விக்டோரியாவின் கணவர் பிளங்கெட் பிரபு நியூசிலாந்தின் கவர்னராகவும் இருந்தனர். இரண்டாம் மார்க்வெஸ் டெரன்ஸ் வெளியுறவு அலுவலகத்தில் பணியாற்றியவர், 1918இல் இறந்தார். மகன் பேசில், நண்பர் ஹிலேர் பெலக்கின் குறும்புப் பாட்டுப் புத்தகங்களுக்கு பி.டி.பி. என்ற பெயரில் படம் வரைந்தவர். 1917இல் பெல்ஜியப் போர்முனையில் பலியானார். இன்னொரு மகனான மூன்றாம் மார்க்வெஸ் ஃபிரெடெரிக் வடக்கு அயர்லாந்து செனட்டின் சபாநாயகராக இருந்து 1930இல் கென்ட் பகுதியில் நேர்ந்த விமான விபத்தில் இறந்தார். அவர் மகன் நான்காம் மார்க்வெஸ், குடியேற்ற நாடுகளின் துணை அமைச்சராக இருந்தவர். 1945 மார்ச்சில் பர்மாவிலேயே ஜப்பானியருடனான போரில் கொல்லப்பட்டார். மண்டலே அரண்மனையை, அன்று டஃபரின் கோட்டை என்றழைத்த இடத்தை, பிரிட்டிஷ் படை அதே மாதத்தில்தான் மீட்டிருந்தது.

நான்காம் மார்க்வெஸின் மகள் கரோலின் பிளாக்வுட் நாவலாசிரியர். ஓவியர் லூசியன் ஃபிராய்டையும் பின்னாளில் கவிஞர் ராபர்ட் லோவலையும் மணந்தவர். மகன் ஷெரிடன், ஐந்தாம் மார்க்வெஸ், 1988இல் பிள்ளையின்றி இறக்க, மார்க்வெஸ் பட்டம் அற்றுப்போனது. பழைய டஃபரின் பாரன் பட்டம் மட்டும் ஆஸ்திரேலியாவில் குடியேறிய கிளைக் குடும்பத்துக்குச் சென்றது.