வேடந்தாங்கல் பறவைகள் சரணாலயம்

செங்கல்பட்டு மாவட்டம் மதுராந்தகம் வட்டத்தில், சென்னைக்குத் தென்மேற்கே ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது வேடந்தாங்கல். சரணாலயத்தின் நடுவே உள்ள பாசன ஏரியின் பரப்பு சுமார் 30 ஹெக்டேர்தான். ஆனாலும் நல்ல மழை பெய்த ஆண்டுகளில் பல்லாயிரம் நீர்ப்பறவைகள் இங்கே கூடு கட்டுகின்றன. இந்தியாவின் மிகப் பழைய பறவைக் காப்பிடங்களில் ஒன்றான இதை முதலில் காத்தவர்கள், இந்த ஏரித் தண்ணீரில் நெல் விளைவித்த ஊர்க்காரர்கள்.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலச் சிப்பாய்கள் இங்கு வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் பொறுக்கவில்லை. செங்கல்பட்டு ஜில்லா கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸிடம் திரண்டு போய் முறையிட்டார்கள். ஏரியில் பறவைகளைக் கொல்லக்கூடாது என்று அவர் எழுதிக் கொடுத்த கவுல் என்ற உறுதிப் பத்திரம் 1798ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படுகிறது. பிற்பாடு வந்த கலெக்டரிடமும் கேட்டு, 1858இல் அந்த உரிமையை மறுபடி உறுதி செய்துகொண்டார்கள். காட்டுயிர்ப் பாதுகாப்பு என்ற பேச்சே நாட்டில் எழாத காலத்தில், கிராமத்து மக்கள் பறவைக்காக அரசு ஆணை வாங்கி, இரண்டு தலைமுறை கழிந்தும் அதை மறக்காமல் புதுப்பித்ததுதான் இந்த வரலாற்றின் மிகப் பெரிய செய்தி.

அவர்களுக்கு இதில் பலனும் இருந்தது. ஏரிக்குள் தண்ணீரில் நிற்கும் கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் கூடுகள் நெருக்கமாக அமைகின்றன. பறவைகளின் எச்சம் தண்ணீரில் விழுந்து கரைகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த அந்தத் தண்ணீர் மதகு வழியே வயலுக்குப் பாய்கிறது. எருவையும் நீரையும் ஒன்றாகக் கொடுக்கும் ஏரியை எந்த உழவர் விட்டுக்கொடுப்பார்? பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல் இருக்கும் வழக்கம் இந்த ஊரில் தொடர்கிறது.

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பியதும் பருவம் தொடங்குகிறது. மரத்தைச் சுற்றித் தண்ணீர் நின்றால்தான் நரியும் காட்டுப்பூனையும் கூட்டை நெருங்க முடியாது. மழை பொய்த்த ஆண்டில் கூடுகள் வெகுவாகக் குறைந்துவிடும். நவம்பர் முதல் மார்ச் வரை கூட்டம் மிகுதி.

இங்கு வரும் பறவைகள் எல்லாமே சைபீரியாவிலிருந்து வருகின்றன என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியன்று. மரங்களில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள்மூக்கன், கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா, கொக்குகள் எல்லாம் நம் நாட்டுப் பறவைகளே; தண்ணீரும் இரையும் தேடி இடம் மாறுபவை. உண்மையில் நெடுந்தொலைவு வருபவை ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் போன்ற வாத்துகள். வட ஆசியாவிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்து, அங்கே நீர்நிலைகள் உறையும் காலத்தைக் கழிக்க இமயத்தைத் தாண்டி வருகின்றன. இங்கே அவை கூடு கட்டுவதில்லை. பகலில் ஏரியில் ஓய்வெடுத்து, இருட்டியபின் இரை தேடக் கிளம்பும். பக்கத்திலுள்ள கரிக்கிலி ஏரி ஆழம் குறைந்தது. வாத்துகளுக்கு அது இன்னும் தோதான இடம்.

நத்தைகுத்தி நாரையைச் சற்று அருகே பார்க்க வேண்டும். அலகை மூடினாலும் நடுவே இடைவெளி தெரியும். குஞ்சுக்கு அது இல்லை. வளர வளரத்தான் உண்டாகிறது. சேற்றில் துழாவி எடுத்த நத்தையைத் தரையோடு அழுத்திப் பிடித்து, கீழலகின் கூரிய நுனியை உள்ளே செலுத்தித் தசையை அறுத்துச் சதையை உருவிவிடும். பெரும்பாலும் ஓடு உடைவதில்லை. நத்தையை அது தேடிப் போவது நெல்வயலுக்கும் சுற்றியுள்ள சிறு ஏரிகளுக்கும்தான்.

சட்டப் பாதுகாப்பு படிப்படியாகவே வந்தது. 1936இல் அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக ஏற்றது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் அதன் கீழும் காப்பு கிடைத்தது. 1998இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையிலான நிலம் முழுவதும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கூடு ஏரியில் இருந்தாலும் குஞ்சுக்கான இரை வெளியிலிருந்தே வருவதால், இது மிகச் சரியான முடிவு. 2020இல் அந்த எல்லையை 3 கிலோமீட்டராகக் குறைக்கும் திட்டம் பேசப்பட்டபோது பறவை ஆர்வலர்களும் சூழலியலாளர்களும் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் பக்கமே நியாயம் இருந்தது: வெளிவட்டத்து வயலும் குளமும் கெட்டால், உள்ளே மரங்களை எவ்வளவு காத்தாலும் கூடுகள் நிற்கா. 2022இல் வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.