கோபுரக் கண்ணாடியின் 250 ஆண்டுகள்

1776 செப்டம்பரில், நியூயார்க் துறைமுகத்தில் நின்ற பிரிட்டனின் 'ஈகிள்' போர்க்கப்பலைத் தகர்க்க, எஸ்ரா லீ என்ற அமெரிக்க வீரர் மரத்தால் செய்த ஒற்றை ஆள் கலத்தில் புறப்பட்டார். டேவிட் புஷ்னல் கட்டிய அந்த 'டர்ட்டில்' கலத்தின் உச்சியில் ஒரு பித்தளை மூடி. அதில் சின்னச் சின்னக் கண்ணாடிகள். நீர்மட்டத்தில் மிதக்கும்போது லீ அவற்றின் வழியாகத்தான் திசை பார்த்தார். மூழ்கிவிட்டால் உள்ளே இருட்டு. திசைகாட்டியைப் படிப்பதற்கு இருளில் ஒளிரும் பூஞ்சைதான் விளக்கு. வெடியைப் பொருத்த முடியாமல் தாக்குதல் தோற்றது. நீர்மூழ்கியின் தலையில் கண்ணாடி வைக்கும் பழக்கம் மட்டும் நிலைத்துவிட்டது.

அடுத்த நூறாண்டுக்கும் மேலாக அந்தக் கண்ணாடிதான் நீர்மூழ்கியின் கண். 1864 பிப்ரவரி 17 இரவு, சார்ல்ஸ்டன் அருகே 'ஹவுசடானிக்' கப்பலை மூழ்கடித்த 'ஹன்லி'யில், கையால் சுழலியைச் சுற்ற ஆட்கள் இருந்தார்கள். வெளியே பார்க்க இரண்டு சிறு கோபுரங்களின் கண்ணாடிகள் இருந்தன. எட்டுப் பேரோடு சென்ற 'ஹன்லி' திரும்பவில்லை. 1900 ஏப்ரலில் அமெரிக்கக் கடற்படை விலைக்கு வாங்கிய ஜான் ஹாலந்தின் கலத்திலும் பெரிஸ்கோப் கிடையாது. இலக்கைக் குறிவைக்கக் கோபுரத்தை நீருக்கு மேலே தூக்கி, ஜன்னல் வழியே பார்த்துவிட்டு மறுபடி மூழ்க வேண்டும். ஒவ்வொரு முறை எட்டிப் பார்க்கும்போதும் எதிரியின் கண்ணில் படும் அபாயம்.

பெரிஸ்கோப் பரவியதும் அந்த வேலை கண்ணாடியின் கையைவிட்டுப் போனது. அப்போதே அது மறைந்திருக்கலாம். மறையவில்லை, வேறு வேலைக்கு வந்தது.

அக்கால நீர்மூழ்கிகள் பெரும்பாலான நேரம் கடலின் மேல்மட்டத்தில்தான் ஓடின. கோபுரத்து உச்சியில், பிரிட்ஜில், இரவும் பகலும் யாராவது காவல் நிற்க வேண்டும். முதல் உலகப் போரின்போது பிரிட்டன் கட்டிய நீராவி நீர்மூழ்கிகளான கே வகைக் கலங்கள் மணிக்கு 24 கடல்மைல் வேகம் போகக்கூடியவை. அந்த வேகத்தில் அலை நேராகக் காவலாளியின் முகத்தில் அறையும். அதனால் பிரிட்ஜைச் சுவரும் கூரையும் கண்ணாடியும் வைத்து ஓர் அறையாகவே மூடினார்கள்.

அந்தக் கூரைக்கு ஒரு விலையும் இருந்தது. 1917 ஜனவரி 29 அன்று ஸ்காட்லாந்தின் கேர்லாக்கில், கொதிகலன் அறையின் காற்றுவழிகள் திறந்திருக்க மூழ்கிய கே-13 அடியில் போய்ச் சிக்கியது. மீட்புக் குழுவுக்கு வழிகாட்டுவதற்காகக் கமாண்டர் பிரான்சிஸ் குட்ஹார்ட் கோபுரத்தின் வழியே மேலே போக முயன்றார். மேல்கட்டுமானத்துக்குள் மாட்டிக்கொண்டு உயிரிழந்தார். அவரோடு வெளிப்பட்ட கமாண்டர் காட்ஃப்ரி ஹெர்பர்ட் உயிரோடு மேலே வந்து சேர்ந்தார். காற்றிலிருந்தும் அலையிலிருந்தும் காக்கும் கூரை, தப்பிக்கும் வழியில் தடையாகவும் நிற்கும்.

கூரை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஜெர்மானியர்கள் அறிந்திருந்தார்கள். அவர்களுடைய பிரிட்ஜ் திறந்தவெளி. கடல் கொந்தளிக்கும்போது காவலாளிகள் வார்ப்பட்டையால் தங்களைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். 1941 அக்டோபரில் யு-106 கலத்தின் காவலாளிகள் நால்வரையும் கடல் கொண்டுபோனது. அமெரிக்காவின் கேட்டோ வகைக் கலங்கள் கண்ணாடித் துளைகள் கொண்ட மூடிய பிரிட்ஜோடுதான் இரண்டாம் உலகப் போருக்கு வந்தன. ஆனால் அந்த உயர்ந்த கோபுரம் தூரத்திலிருந்தே தெரிந்தது. விமானத்தைத் தேடி வானம் முழுவதையும் பார்க்கவேண்டிய காலத்தில் கூரை பார்வையை மறைத்தது. போர் நடக்கும்போதே கோபுரத்தை வெட்டிக் குறைத்தார்கள், கண்ணாடியும் போனது.

அது மறுவாழ்வு பெற்றது சோவியத் கப்பல் தளங்களில். வட கடற்படை நடமாடும் பேரன்ட்ஸ் கடலில், குளிர்காலத்தில் தெறிக்கும் நீர் விழுந்த இடத்திலேயே உறையும். அங்கே நான்கு மணி நேரம் திறந்தவெளியில் நிற்பவனின் கண்ணும் கையும் எவ்வளவு நேரம் வேலை செய்யும்? ஃபாக்ஸ்ட்ராட் என்று மேற்குலகம் பெயரிட்ட 641 வகையிலும், அதன்பின் கிலோ வகையிலும், இதுவரை கட்டப்பட்டவற்றிலேயே மிகப் பெரிய நீர்மூழ்கியான டைஃபூனிலும் கோபுரத்தின் முன்பக்கம் வரிசையாக ஜன்னல்கள் உண்டு.

250 மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் கடல் ஏறக்குறைய 25 கிலோ எடையோடு அழுத்தும். ஓரடி நீளம், ஓரடி அகலமுள்ள கண்ணாடி மேல் 20 டன்னுக்கும் அதிகமான பாரம். அது ஏன் நொறுங்குவதில்லை? அந்தக் கண்ணாடி ஆழ்கடலை எதிர்த்து நிற்பதே இல்லை என்பதுதான் விடை. மனிதர்கள் வாழும் தடித்த எஃகு உடல் கீழே இருக்கிறது. வெளியே தெரியும் கோபுரம் அதன்மேல் போர்த்திய மெல்லிய உறை. கலம் மூழ்கும்போது அந்த உறைக்குள்ளும் தண்ணீர் புகுந்து நிறையும். கண்ணாடியின் இரு பக்கமும் ஒரே அழுத்தம். நொறுக்க விசை இல்லை. மேலே வந்ததும் நீர் வடிந்துவிடும், மாலுமி ஏறி அதன் பின்னால் நிற்பார்.

பேரன்ட்ஸ் கடலுக்குப் பொருந்திய அந்தக் கோபுரம் நம் கரைக்கும் வந்தது. 1967 முதல் இந்தியா எட்டு ஃபாக்ஸ்ட்ராட்களை வாங்கியது. 1969இல் பணியில் சேர்ந்து 2001இல் ஓய்வுபெற்ற 'ஐஎன்எஸ் குர்சுரா' விசாகப்பட்டினத்தின் ராமகிருஷ்ணா கடற்கரையில் அருங்காட்சியகமாக நிற்கிறது. அங்கே போகிறவர்கள் உள்ளே நுழையும் முன் கோபுரத்தையும் ஒருமுறை நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

மேற்கத்திய அணுசக்திக் கலங்கள் இன்றும் திறந்த பிரிட்ஜையே விரும்புகின்றன. தேவைப்பட்டால் பிளாஸ்டிக் தடுப்பை மாட்டிக்கொண்டு, மூழ்கும் முன் கழற்றிவிடுகின்றன. 2004இல் பணிக்கு வந்த அமெரிக்காவின் 'வர்ஜீனியா'வில் பழைய பெரிஸ்கோப்பே இல்லை. கேமராக் கம்பம் படத்தைக் கீழே திரைக்கு அனுப்புகிறது. கண்ணாடியின் வேலையைப் பறித்த கருவியும் இப்படி வேலை இழந்தது. ஆனாலும் துறைமுகத்துக்குள் நுழையும்போது ஒரு மனிதர் மேலே ஏறிச் சொந்தக் கண்ணால் பார்த்துத்தான் கலத்தை நடத்துகிறார். அந்த ஜன்னலால் கலத்தின் வேகம் கூடாது, ஆயுதமும் வலுப்பெறாது. மாலுமியின் முகத்தில் உப்புநீர் அறையாமல் காப்பது மட்டுமே அதன் பயன். அதற்காகக் கோபுரத்தில் இடம் ஒதுக்கிய பொறியாளர்களுக்கு, கலத்தை ஓட்டுபவரும் கலத்தின் கணக்கில் சேர்ந்தவர் என்பது தெரிந்திருந்தது.