மண்ணெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்கள்: உடுவில் வட்டாரத்தின் திருத்தற்கலை

உடுவில், யாழ்ப்பாணத்தின் வலிகாமம் தெற்கிலுள்ள செம்மண் ஊர். இணுவில், சுன்னாகம், மானிப்பாய் போன்ற அயலூர்களைப் போலவே இங்கும் ஆறில்லை. சுண்ணாம்புக் கற்பாறையில் தங்கும் மழைநீரைக் கிணற்றிலிருந்து இறைத்தே வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்தார்கள். நெடுங்காலம் துலா மிதித்து நடந்த இறைப்பு, 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் நீர் இறைக்கும் மெசினுக்கு மாறியது. அந்த மெசின்கள் பெற்றோலில் தொடங்கி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படும் வகையைச் சேர்ந்தவை. பிளக்கைக் கழற்றிக் கரி சுரண்டுவதும் காபரேட்டரின் ஜெற்றை ஊதி அடைப்பு எடுப்பதும் தோட்டக்காரரின் அன்றாட வேலைகளாயின. பின்னாளில் யாழ்ப்பாணத்தின் மோட்டார் சைக்கிள்களைக் காப்பாற்றிய அறிவின் ஒரு வேர் இந்தத் தோட்டங்களில் இருந்தது.

1977இல் இலங்கை இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியபின் யப்பானிய மோட்டார் சைக்கிள்கள் பெருமளவில் வந்தன. ஹொண்டாவின் சி 50, சி 90, சி.டி. 125, சி.டி. 200, சாலி, எம்.டி. 90 ஆகியவை குடாநாட்டில் பழக்கமான பெயர்களாயின. இவற்றுள் எம்.டி. 90 யப்பானிய அஞ்சல்காரருக்கென உருவானது. சுமையோடு நாள் முழுதும் நின்று நின்று ஓடுவதற்கு ஏற்றது. பெரும்பாலானவை ஒற்றைச் சிலிண்டர் கொண்ட எளிய இயந்திரங்கள். சில ஸ்பனர்களும் ஒரு திருப்புளியும் இருந்தால் வீட்டு முற்றத்திலேயே பெரும்பகுதி வேலையை முடித்துவிடலாம்.

1987 சனவரியில் அரசு யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடை விதித்தது. 1990 யூனில் மீண்டும் உள்நாட்டுப் போர் மூண்டபின் தடை திரும்பி, நீண்டகாலம் நீடித்தது. பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாம் அரிதாயின. மின்சாரமும் நின்றது. ஆனையிறவுப் பாதை மூடப்பட, கிளாலிக் கடலேரியைப் படகில் கடந்தே ஆட்களும் பொருட்களும் போய்வந்த காலம் அது. வீடுகளில் ஜாம் போத்தல் விளக்கு எரிந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். மோட்டார் சைக்கிளுக்குக் கிடைத்த எரிபொருள் மண்ணெண்ணெய்தான். அதுவும் தாராளமாகக் கிடைக்கவில்லை.

பெற்றோல் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெய் இலகுவில் ஒத்துவராது. குளிர்ந்த சிலிண்டரில் அது போதிய அளவு ஆவியாகாது. எனவே தீப்பொறி விழுந்தாலும் பற்றாது. சூடேறியபின் பற்றும். ஆனால் அதன் ஒக்ரேன் அளவு குறைவு என்பதால், அழுத்தம் கூடிய இயந்திரத்தில் காலத்துக்கு முன்பே வெடித்துத் தட்டல் ஒலி எழுப்பும். இந்தச் சிக்கல்களை உலகின் பிற நாடுகளும் முன்னரே எதிர்கொண்டிருந்தன. பிரித்தானியாவில் வரி குறைந்த, மண்ணெண்ணெய்க்கு நெருங்கிய எரிபொருளில் ஓடும் உழவு இயந்திரங்கள் செய்யப்பட்டன. பெற்றோலில் தொடங்குவது, அழுத்தத்தைக் குறைப்பது, உள்ளே செல்லும் கலவையைச் சூடாக்குவது என்பனவே அவற்றின் வழிகள். பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் நன்றாக ஓடியதற்கும் அவற்றின் குறைந்த அழுத்தமே காரணம்.

மோட்டார் சைக்கிள் ஓட்டிகள் சூப்பிப் போத்தலிலோ வேறு சிறிய போத்தலிலோ கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்தார்கள். காபரேட்டருக்குள் சில துளிகளைப் பீச்சி உதைத்துத் தொடக்கி, இயந்திரம் ஓடப் பிடித்ததும் தாங்கியிலுள்ள மண்ணெண்ணெயில் தொடர்ந்தார்கள். வழியில் நின்று இயந்திரம் ஆறிவிட்டால் மறுபடியும் பெற்றோல் துளிகள் வேண்டும். வெண்புகையும் மண்ணெண்ணெய் மணமும் அக்கால வீதிகளின் அடையாளமாயின.

இதற்கு இயந்திரம் கொடுத்த விலை அதிகம். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையங்களைத் தாண்டி வழிந்து, கீழேயுள்ள ஒயிலை நீர்க்கச் செய்யும். நீர்த்த ஒயில் தேய்மானத்தைத் தடுக்காது. ஒயிலை அடிக்கடி மாற்றவேண்டியிருந்த அதே காலத்தில்தான் ஒயிலும் அருமையாக இருந்தது. பிளக்கில் கரி படியும், வால்வு கருகும், சைலன்சர் அடைக்கும். எனவே கழற்றிச் சுத்தம் செய்து பூட்டும் வேலை, வண்டி வைத்திருந்த பலரும் கற்றுக்கொண்ட கைத்தொழிலாயிற்று.

இயந்திரத்தின் கோளாறு உடனே தெரிந்துவிடும். முன் ஷொக்கின் கோளாறு மெல்லவே தெரியும். குழாய்க்குள் குழாய் வழுக்கும் வகை ஷொக்கில் சுருள்வில் பாரத்தைத் தாங்குகிறது. ஒயில் சிறு துளைகளின் ஊடாக நெருக்கி ஓடி, வில்லின் துள்ளலை அடக்குகிறது. ஒயிலால் அதிர்வை அடக்கும் இத்தகைய முன் ஷொக்கை 1935இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் தன் ஆர் 12 வண்டியில் பொருத்தியது. இரண்டாம் உலகப் போருக்குப்பின் அது உலகெங்கும் பொதுவழக்காயிற்று. வலிகாமத்தின் நுண்ணிய செம்மண் தூசி, வழுக்கும் குழாயில் படிந்து, ஒயில் கசியாமல் அடைக்கும் சீலை அராவும். போரில் பராமரிப்பின்றிக் குழிவிழுந்த வீதிகள் ஒயிலை இன்னும் விரைவில் கெடுக்கும். ஒயில் கசிந்தோ நீர்த்தோ போனால், பிரேக் பிடிக்கும்போது முன்பக்கம் அமிழ்ந்து, குழியில் சில்லு துள்ளும்.

இந்த ஒயிலை மாற்றுவது வீட்டு வேலைக்கு அடங்கியது. இயந்திரத்தின் கீழ் உறுதியான பெட்டி வைத்து முன்சில்லை நிலத்திலிருந்து உயர்த்தவேண்டும். பழைய வண்டிகள் பலவற்றில் ஷொக்கின் அடியில் வடிகால் ஆணி உண்டு. அதைக் கழற்றி, முன்பக்கத்தை மேலும் கீழும் அசைத்தால் கறுத்த ஒயில் முழுதும் வடியும். மேல்மூடியை வில் உந்திக்கொண்டிருப்பதால் அதை அழுத்திப் பிடித்தபடியே திறக்கவேண்டும். வடிகால் ஆணியைப் பூட்டியபின் ஊற்றும் புதிய ஒயில், சிறிய வண்டியின் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 100 முதல் 200 மில்லிலீற்றர் போதும். இரு பக்கமும் ஒரே அளவு இருப்பதே முக்கியம். 1960களின் ஹொண்டாக்களிற் சிலவற்றுக்கு 10டபிள்யூ-30 இயந்திர ஒயிலையே நிறுவனம் இதற்குப் பரிந்துரைத்தது. தனி ஒயில் கிடைக்காத ஊரில் இந்த எளிமை பெரிய உதவி.

1995 ஒக்ரோபர் 30 இரவு போரின் காரணமாக வலிகாமம் முழுதும் இடம்பெயர்ந்தது. உடுவில் மக்களும் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சி நோக்கிச் சென்றார்கள். 1996 ஏப்பிரலில் இருந்து திரும்பியவர்கள், எஞ்சிய வண்டிகளைத் திருத்தி மீண்டும் ஓட்டினார்கள். 2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்குடன் இணைக்கும் ஏ9 வீதி திறந்து இந்திய மோட்டார் சைக்கிள்கள் பெருகத் தொடங்கின. 2006 ஓகஸ்ரில் வீதி மூடப்பட, தட்டுப்பாடு திரும்பியது. போர் முடிந்த 2009க்குப் பின் தவணைமுறையில் புதிய வண்டிகள் வந்து, பழைய ஹொண்டாக்கள் பின்னுக்குப் போயின. ஆனாலும் 2020 முதல் 2025 வரை நீடித்த வாகன இறக்குமதித் தடையும் 2022இன் எரிபொருள் நெருக்கடியும், உள்ள வண்டியைப் பேணும் அறிவின் பெறுமதியை நாடு முழுவதற்கும் உணர்த்தின.

அந்த அறிவோடு இன்று ஒரு பொறுப்பும் சேர்ந்துள்ளது. சுன்னாகம் மின்நிலைய வட்டாரத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் உயர் நீதிமன்றம் வரை சென்று, 2019இல் மக்களுக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பானது. சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகள் மேலே ஊற்றியதை நேரே நிலத்தடி நீருக்குக் கொண்டுசெல்லும். ஷொக்கில் இருந்து வடித்த ஒரு கோப்பை ஒயிலும் இதற்கு விலக்கல்ல. அதை மண்ணில் ஊற்றாமல் போத்தலில் சேர்த்து, கழிவு ஒயில் வாங்கும் கராஜிலோ ஒயில் கடையிலோ ஒப்படைப்பதும் இந்தத் திருத்தற்கலையின் பகுதியே.