மண்ணைத் தாங்கும் சுவர்: ஒரு வரலாற்றுப் பார்வை

ஞாயிறு காலையில் கோயில் மணி கேட்டு நாம் நடந்து வரும் தெருக்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். திருப்பூரில் முழுச் சமதளம் என்று சொல்லத்தக்க தெருக்கள் மிகச் சில. ஒரு சந்தில் ஏறினால் அடுத்த சந்தில் இறங்க வேண்டும். நகரின் நடுவே நொய்யல் தாழ்ந்து ஓடுகிறது. ஜம்மனை ஓடை போன்ற ஓடைகள் அதை நோக்கிச் சரிந்து வருகின்றன. மேடும் பள்ளமுமாக அமைந்த இவ்வூரில் மேட்டில் ஒரு வீடு இருந்தால் அதன் காலடியில் இன்னொரு வீடு இருக்கும். இரண்டுக்கும் இடையே ஒரு சுவர் நிற்கும்.

அந்தச் சுவரைப் பற்றியதே இக்கட்டுரை. விழா மலரில் சுவருக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நம் பங்கில் மேட்டு வீட்டாரும் இருக்கின்றனர், பள்ளத்து லைன் வீட்டாரும் இருக்கின்றனர். இருவரையும் பிரிப்பதும் சேர்ப்பதும் அச்சுவர்தான். அதன் கதையை அறிந்துகொள்வது இருவருக்கும் நல்லது.

முன்னோர் அறிந்த வித்தை

மண்ணைச் சுவர் கட்டித் தாங்குவது கொங்கு நாட்டாருக்குப் புதிதன்று. பனியன் தொழில் இங்கு காலூன்றியது 1925ஆம் ஆண்டையொட்டி. அதற்கு நெடுங்காலம் முன்பே நம் முன்னோர் மண்ணையும் நீரையும் கையாளக் கற்றிருந்தனர். சரிவான காட்டில் வரப்புப் போட்டு மண் அரிக்காமல் காத்தனர். காங்கயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளில் சுற்றிலும் கிளுவை வேலி வளர்த்தனர். அவ்வேலி ஆடுமாடுகளைக் காட்டுக்குள் நிறுத்தியது. அதன் வேர் வரப்பு மண்ணைப் பிடித்துக்கொண்டது.

இன்னும் பெரிய சான்று நம் தோட்டத்துக் கிணறு. பாறை தட்டுப்படும் வரையில் மேல்மண் சரிந்து விழாதிருக்கச் சுற்றிலும் கருங்கல் கட்டினர். பல கிணறுகளில் சாந்து பூசாமல் கல்லோடு கல் பொருத்தியே கட்டினர். இது வட்டமாக நிற்கும் தாங்கு சுவரன்றி வேறென்ன? சாந்தில்லாக் கல் இடுக்குகளின் வழியே மண்ணிலிருந்து ஊறும் நீர் கசிந்து கிணற்றுக்குள் இறங்கியது. சுவருக்குப் பின்னே நீர் தேங்கவில்லை. ஆகவே தலைமுறை தலைமுறையாக அக்கட்டு நின்றது. கவலை ஓட்டும் எருதுகள் இறங்கி ஏறுவதற்கென்று கிணற்றோரம் அமைத்த சரிவுப் பாதையையும் நம் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். இன்று வீட்டு வாசலில் கார் ஏறுவதற்கு நாம் போடும் சரிவுக்கு அதுவே மூத்த அண்ணன் எனலாம்.

குளத்துக்குக் கரை கட்டியவர்கள் கலிங்கு வைக்க மறந்ததில்லை. மிஞ்சிய நீர் போவதற்கு வழியில்லையென்றால் எவ்வளவு பெரிய கரையும் உடையும் என்பது அவர்கள் கண்ட பாடம். கரைக்குக் கலிங்கு எப்படியோ, சுவருக்கு நீர்த்துளை அப்படி. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் இக்கட்டுரையில் பாதி படித்தாயிற்று.

மலையில் கற்ற பாடம்

நமக்கு மேற்கே நீலகிரி மலை நிற்கிறது. மேட்டுப்பாளையம் பக்கமிருந்து குன்னூருக்கு மலைப்பாதை அமைக்கும் வேலை 1830களில் நடந்தது. பின்னர் மலை ரயில் வந்தது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899லும், உதகமண்டலம் வரை 1908லும் வண்டி ஓடத் தொடங்கியது. 46 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையில் மிகச் செங்குத்தான இடத்தில் பன்னிரண்டரை அடிக்கு ஓரடி ஏற்றம். 2005ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

சாலைக்கும் ரயிலுக்கும் மலையை வெட்ட வேண்டியிருந்தது. வெட்டிய இடத்தில் மேலேயுள்ள மண் இறங்காதபடியும், கொட்டி நிரப்பிய இடத்தில் பாதை கீழே சரியாதபடியும் கருங்கல் சுவர்கள் எழுந்தன. இன்றும் பேருந்தில் செல்லும்போது அவற்றைப் பார்க்கலாம். சுவரின் முகத்தில் வரிசையாகத் துளைகள் இருக்கும். மழைக்காலத்தில் அவற்றிலிருந்து நீர் கொட்டும். அவ்வாறு கொட்டும் சுவர் நலமாக இருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

அப்படியும் மலை தன் வலிமையைக் காட்டாமல் விடவில்லை. 1978, 1979 ஆண்டுகளின் மழையில் நீலகிரியில் பரவலாக மண் சரிந்தது. 1993 நவம்பரில் மரப்பாலம் அருகே பெருஞ்சரிவு நேர்ந்தது. 2009 நவம்பரில் பெய்த மழையில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். சரிவில் கண்டபடி கட்டுவதைக் கட்டுப்படுத்த 1990ஆம் ஆண்டில் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தை அரசு அமைத்தது. மலை என்றால் நாம் அஞ்சுகிறோம். நம் ஊர்ச் சரிவு பத்தடிதானே என்று அலட்சியம் கொள்கிறோம். பத்தடி மண்ணுக்கு எவ்வளவு பலம் என்று அடுத்துக் காண்போம்.

கணக்குப் போட்டவர்கள்

மண் சுவரை எவ்வளவு தள்ளுகிறது என்பதற்கு முதன்முதல் தெளிவான கணக்குச் சொன்னவர் பிரான்சு நாட்டின் கூலும். பள்ளிப் பிள்ளைகள் இவரை மின்னூட்ட விதியால் அறிவர். தொழிலில் அவர் இராணுவப் பொறியாளர். மேற்கிந்தியத் தீவுகளில் மார்த்தினிக் என்னும் தீவில் பல ஆண்டுகள் கோட்டை கட்டும் பணியில் இருந்தார். அந்த அனுபவத்தை வைத்து 1773இல் பாரீசு அறிவியல் கழகத்தின் முன் ஒரு கட்டுரை படித்தார். சுவருக்குப் பின்னேயுள்ள மண் ஆப்புப் போலப் பிளந்து வழுக்கி இறங்கப் பார்க்கிறது, அந்த ஆப்பை நிறுத்துவதே சுவரின் வேலை என்று அவர் காட்டினார். 1857இல் ஸ்காட்லாந்துக்காரரான ராங்கின் இன்னொரு வழியில் கணக்கை எளிதாக்கினார். இவ்விருவர் பெயராலேயே இன்றும் பொறியியல் கல்லூரிகளில் பாடம் நடக்கிறது.

கணக்கின் சாரம் இதுதான். 3 மீட்டர் உயரம், அதாவது சுமார் பத்தடி உயரச் சுவரை எடுத்துக்கொள்வோம். பின்னே மணற்பாங்கான காய்ந்த மண் நிரம்பியிருந்தால், ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது ஏறத்தாழ 2,700 கிலோ பலத்துடன் தள்ளும். அதே மண்ணில் மழைநீர் புகுந்து வெளியேற வழியின்றி மேல்வரை நிரம்பினால் தள்ளும் பலம் ஏறத்தாழ 6,000 கிலோ ஆகிவிடும். சுவரும் மண்ணும் அவையேதான். ஓரிரவு மழையில் சுமை இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது.

உயரத்தைக் கூட்டினாலும் இதே ஆபத்து. சுவரின் உயரத்தை இரட்டிப்பாக்கினால் மண் தள்ளும் பலம் நான்கு மடங்காகும். சுவரைக் கவிழ்க்கப் பார்க்கும் வலிமை எட்டு மடங்காகும். ஐந்தடிச் சுவர் நன்றாக நிற்கிறதே, மேலும் ஐந்தடி ஏற்றினால் என்ன என்று கேட்பவர்கள் இந்த எட்டு மடங்கை மறந்துவிடுகிறார்கள்.

நம் ஊரில் நடப்பது

1970களிலும் அதற்குப் பின்னும் பனியன் ஏற்றுமதி வளர, ஊரும் வளர்ந்தது. சமதளமான மனைகள் தீர்ந்தபின் ஓடைக் கரைகளும் சரிவுகளும் மனைகளாயின. மேட்டு மனை வாங்கியவருக்குக் கார் வாசலேற வேண்டும், கீழே கம்பெனி வைத்தவருக்கு டெம்போ வந்து நிற்க வேண்டும். ஆகவே தாழ்ந்த பக்கத்தில் மண் கொட்டி மேடாக்கி, ஓரத்தில் சுவர் எழுப்பி, மேலே கான்கிரீட் போட்டு வண்டிப் பாதை அமைக்கிறோம்.

தவறு பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. வேலிக்குக் கட்டும் சுற்றுச்சுவர் வேறு, மண்ணைத் தாங்கும் சுவர் வேறு. சுற்றுச்சுவர் தன் எடையையும் காற்றையும் தாங்கினால் போதும். ஹாலோ பிளாக்கில் ஆறங்குல அகலத்தில் கட்டிய அதே சுவருக்குப் பின்னே ஆறடி மண்ணைக் கொட்டி, அதன்மேல் பாரவண்டியையும் நிறுத்தினால், அதன் தலையில் அது செய்யாத வேலையைச் சுமத்துகிறோம். சுவர் உடனே விழுவதில்லை. முதல் வெயிற்காலம் நிற்கும். இரண்டாம் ஆண்டு வயிறு புடைத்தாற்போல் நடுவில் பிதுங்கும். ஒரு கனமழை இரவில் கணக்குத் தீர்க்கும்.

விழுந்த சுவர்கள்

2019 டிசம்பர் 2, அதிகாலை. நம் அண்டை மாவட்டத்து மேட்டுப்பாளையத்தில் நடூர் என்னும் இடம். விடாது பெய்த மழையில் ஊறியிருந்த சுமார் இருபதடி உயரச் சுற்றுச்சுவர் சாய்ந்து பக்கத்து ஓட்டு வீடுகளின்மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் எழுந்திருக்கவேயில்லை. அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் இருந்தனர். தாழ்த்தப்பட்ட குடும்பங்களைச் சேர்ந்த அவர்களைப் பிரிக்கவே அவ்வளவு உயரம் என்று குற்றஞ்சாட்டிப் போராட்டங்கள் நடந்தன. அச்சுவரைக் குறித்து முன்பே முறையிட்டிருந்தோம் என்று அங்கிருந்தோர் கூறினர். வீட்டு உரிமையாளர் கைதானார்.

அவ்வாண்டில் இது ஒன்று மட்டுமன்று. ஜூன் இறுதியில் புனேயில் ஒரு குடியிருப்பின் சுவர் விழுந்து, கீழே தகரக் கொட்டகைகளில் தங்கியிருந்த கட்டடத் தொழிலாளர் குடும்பத்தினர் 15 பேர் இறந்தனர். மூன்று நாள் கழித்து மும்பை மலாடில் சரிவிலிருந்த சுவர் இடிந்து, கீழேயிருந்த குடிசைகளில் இருபதுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அதற்கு ஐந்தாண்டு முன்பு, 2014 ஜூலையில், திருவள்ளூர் மாவட்டத்தில் கிடங்குச் சுவர் குடிசைகளின்மேல் விழுந்து 11 தொழிலாளர் இறந்தனர். 2024 பிப்ரவரி 7 அன்று உதகை அருகே லவ்டேலில் வீட்டு வேலைக்குச் சரிவில் மண் எடுத்துக்கொண்டிருந்தபோது மேலிருந்தது சரிந்து 6 பெண் தொழிலாளர்கள் மாண்டனர். சுவர் கட்டி முடிந்தபின் மட்டுமல்ல, கட்டுவதற்கு மண் வெட்டும் நாளிலும் ஆபத்து உண்டென்பதற்கு அது சாட்சி.

இவற்றை வரிசையாக வைத்துப் பாருங்கள். இறந்தவர்களில் ஒருவராவது சுவருக்குச் சொந்தக்காரரா? சுவரால் பயன் பெறுகிறவர் மேலே இருக்கிறார். அது விழுந்தால் பாதிக்கப்படுகிறவர் கீழே இருக்கிறார். கல்லையும் சிமெண்டையும் மிச்சம் பிடிப்பவர் ஒருவர், அந்த மிச்சத்துக்கு விலை கொடுப்பவர் வேறொருவர். தாங்கு சுவரின் வரலாற்றில் நாம் மறக்கக்கூடாத செய்தி இதுவே.

சட்டமும் இதைப் பழங்காலத்திலேயே உணர்ந்திருந்தது. ஈஸ்மென்ட் சட்டம் என்று வக்கீல்கள் சொல்லும் 1882ஆம் ஆண்டுச் சட்டம் முதலில் நடைமுறைக்கு வந்த பகுதிகளில் நம் சென்னை மாகாணமும் ஒன்று. இயற்கையாக உள்ள ஒருவர் நிலத்துக்கு அடுத்தவர் நிலத்து மண் தரும் தாங்குதலைப் பெற உரிமை உண்டு என்கிறது அது. பள்ளத்தில் இருப்பவர் தம் மனையைத் தோண்டும்போது மேட்டு மண் சரியாமல் பார்க்க வேண்டும் என்பது இதன் பொருள். ஆகவே பொறுப்பு மேட்டாருக்கு மட்டுமன்று, இருபுறமும் உண்டு.

நல்ல சுவரின் இலக்கணம்

கட்டப் போகிறவர்களுக்கும், கட்டிய சுவருக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கும் சில குறிப்புகள் சொல்லி முடிக்கிறேன்.

கருங்கல் சுவரானால் அடியகலம் உயரத்தில் பாதி முதல் பத்தில் ஏழு பங்கு வரை இருக்க வேண்டும். மேலே போகப்போகக் குறுகலாம். சுவர் சற்றே மண் பக்கம் சாய்ந்து நிற்பது பலம். அஸ்திவாரம் கொட்டிய மண்ணில் அல்ல, கெட்டித் தரையில் இறங்க வேண்டும். ஐந்தாறு அடிக்கு மேல் உயரமானால் கொத்தனாரின் கைக்கணக்கு போதாது. பொறியாளரைக் கேட்டுக் கம்பி கட்டிய கான்கிரீட் சுவரோ, படிப்படியாகத் தணிந்து வரும் இரண்டு சிறு சுவர்களோ அமைக்க வேண்டும்.

சுவரின் முகத்தில் ஐந்தாறு அடிக்கு ஒன்றாக நீர்த்துளைகள் விடுங்கள். துளைக்குப் பின்னே களிமண் போடாமல் சரளைக் கல் போடுங்கள். வண்டிப் பாதையில் விழும் மழைநீர் சுவருக்குப் பின்னே இறங்காதபடி ஓரத்தில் காண் அமைத்து, அதைப் பொதுச் சாக்கடையில் சேருங்கள், பக்கத்து வீட்டு முற்றத்தில் விடாதீர்கள். பாரவண்டியைச் சுவரின் விளிம்பில் நிறுத்தாதீர்கள். மண் வெட்டும்போது முழு நீளத்தையும் ஒரே நாளில் வெட்டாமல் துண்டு துண்டாக வெட்டிக் கட்டிவாருங்கள். மழைக்காலத்தில் வெட்டவே வேண்டாம்.

கீழே இருப்பவர்கள் கண்ணில் வைக்க வேண்டியவை நான்கு. சுவர் நடுவில் பிதுங்குவது, மேல்விளிம்பு முன்னே சாய்வது, நீளவாக்கில் புதிய வெடிப்பு, முன்பு நீர் வந்த துளை கனமழையிலும் வறண்டிருப்பது. இவற்றில் ஒன்றைக் கண்டால் மேட்டு வீட்டாரிடம் சொல்லுங்கள். கேளாவிட்டால் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். அன்றிரவு மழை கனத்தால் பிள்ளைகளை அச்சுவரோரம் படுக்க வைக்காதீர்கள்.

மேட்டு வீட்டு அன்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஐப்பசி மழைக்கு முன் ஒருநாள் உங்கள் வாசலைவிட்டு இறங்கி, பள்ளத்துச் சந்துக்குப் போய், உங்கள் சுவரைக் கீழேயிருந்து நிமிர்ந்து பாருங்கள். அங்கு குடியிருக்கும் அம்மாவிடம், சென்ற மழையில் துளையில் தண்ணீர் வந்ததா என்று கேளுங்கள். உங்கள் சுவரின் நலம் உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.