நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும்

பாகூர்ப் பக்கத்தில் ஒரு வீட்டுத் தண்ணீர் எப்படி என்று கேட்டால் யாரும் அளவு சொல்ல மாட்டார்கள். "பருப்பு வேகுது" என்பார்கள், இல்லையென்றால் "பருப்பு வேகல" என்பார்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால் முதல் வகை வீடுகள் அதிகம். இப்போது கடலை நோக்கிப் போகப் போக இரண்டாம் வகைதான். மணப்பட்டுப் பக்கம் ஒரு பெரியவர் சொன்னது: "போர் போட்டா தண்ணி வருது தம்பி. வந்து என்ன பண்றது, மாடு மோந்து பாத்துட்டுப் போயிடுது."

இந்தக் கட்டுரை அந்த மாடு மோந்து பார்த்த தண்ணீரைப் பற்றியது. ஆற்றோரத்திலும் கழிமுகத்திலும் மீன், இறால் வளர்ப்பது பற்றி நம் ஊரில் நடக்கிற பேச்சு பெரும்பாலும் "நாத்தம் அடிக்குது" என்பதோடு நின்றுவிடுகிறது. நாற்றம் நாலு மாதத்தில் போய்விடும், உப்பு போகாது. அந்த உப்புக்கு ஒரு வரலாறு உண்டு.

பாகூர் பழைய ஊர். ஒன்பதாம் நூற்றாண்டில் நிருபதுங்க பல்லவன் காலத்துச் செப்பேடு ஒன்று இங்கிருந்த கல்விச்சாலைக்கு மூன்று கிராமங்களை விட்டுக்கொடுத்ததைச் சொல்கிறது. படிக்கிறவர்களுக்குச் சோறு போட மூன்று கிராம வருமானம் போதும் என்றால் அந்த நிலம் எப்படி விளைந்திருக்க வேண்டும்! விளைந்ததற்குக் காரணம் ஏரி. புதுச்சேரியில் ஊசுட்டேரிக்கு அடுத்த பெரிய ஏரி பாகூர் ஏரிதான். ஊசுட்டேரி வில்லியனூர்ப் பக்கம், பாதி நம்முடையது, பாதி தமிழ்நாட்டுடையது. பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணையிலிருந்து, சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து, பங்காரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வரும். பங்காரி, சிங்காரி என்று இரண்டு தாசிச் சகோதரிகள் சொந்தப் பணத்தில் வெட்டிய வாய்க்கால் என்று ஊரில் கதை சொல்வார்கள். வரலாற்று ஆசிரியர்கள் என்ன சொல்வார்களோ. எனக்கு அந்தக் கதை பிடிக்கும். ராஜாக்கள் பேரை விட்டுவிட்டு இரண்டு பெண்கள் பேரை ஒரு ஊர் ஞாபகம் வைத்திருக்கிறது என்றால் அந்தத் தண்ணீருக்கு அவ்வளவு மதிப்பு இருந்திருக்கிறது.

பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் ஏரிகளைப் பார்த்துக்கொள்ள விவசாயிகளே சேர்ந்த சங்கங்கள் இருந்தன, சந்திக்கா அக்ரிகோல் என்று பேர். மதகு திறப்பது, தூர் வாருவது, சண்டை தீர்ப்பது எல்லாம் அவர்கள் பாடு. பிறகு அது பொதுப்பணித்துறை கைக்குப் போனது. 1999 வாக்கில் ஐரோப்பிய ஒன்றியப் பணத்தில் 84 ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் வந்தபோது, பழைய சங்கங்களை மறுபடி உயிர்ப்பிக்கப் பார்த்தார்கள்.

ஏரியில் மீன் எப்போதும் உண்டு. மீன்பாசிக் குத்தகை என்று ஏலம் விடுவார்கள். குத்தகைக்காரருக்குத் தண்ணீர் சீக்கிரம் வடிய வேண்டும், அப்போதுதான் வலை போட முடியும். ஆயக்கட்டுக்காரருக்குக் கடைசி நனைப்புவரை தண்ணீர் நிற்க வேண்டும். இந்தச் சண்டை எல்லா ஏரிக்கரையிலும் உண்டு, ஆனாலும் அது ஒரே நல்ல தண்ணீருக்கான சண்டை. விராலும் கெளுத்தியும் கெண்டையும் நெல்லுக்கு விட்ட தண்ணீரிலேயே வளர்ந்தன. மீன் வளர்ப்பதும் நெல் விளைவதும் ஒன்றுக்கொன்று எதிரி என்று யாரும் நினைத்ததில்லை.

அந்த நினைப்பு மாறியது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் டைகர் இறால் வேண்டும், அள்ளிக் கொடுத்தார்கள். தைவானில் இந்தத் தொழில் 1987, 88 வாக்கில் நோய் வந்து சரிந்திருந்தது. முதலாளிகள் புதுக் கடற்கரை தேடினார்கள். ஆந்திராவிலும் நாகப்பட்டினம் பக்கத்திலும் நெல் வயல் விற்பனைக்கு வந்தது. ஒரு வயலைச் சுற்றிக் கரை எடுத்து, கடல் தண்ணீரை மோட்டார் வைத்து இழுத்து நிரப்பினால் குட்டை. கடல் தண்ணீரின் உப்பு இறாலுக்கு அதிகம், அதைக் குறைக்க நிலத்தடி நல்ல தண்ணீரைக் கலந்தார்கள். ஆக ஒரே குட்டை இரண்டு வேலை செய்தது. மேலே உப்பை ஊற்றியது, கீழே நல்ல தண்ணீரை உறிஞ்சியது. நல்ல தண்ணீர் குறைந்த இடத்தில் கடல் உள்ளே வரும், அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். அறுவடை முடிந்ததும் தின்னாத தீவனமும் கழிவும் மருந்தும் கலந்த தண்ணீரை வாய்க்காலில் திறந்துவிட்டால், பக்கத்துக் குட்டைக்காரர் அதையே இழுத்துக்கொள்வார். நோய் பரவ இதைவிட நல்ல வழி கிடையாது. 1994 இறுதியில் வெள்ளைப்புள்ளி நோய் கிழக்குக் கரைக்கு வந்தபோது அதுதான் நடந்தது.

நோய்க்கு முன்னாலேயே சண்டை தொடங்கிவிட்டது. கீழத்தஞ்சையில், 1968 கீழ்வெண்மணிக்குப் பிறகு நிலமில்லாதவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்கும் வேலையில் இறங்கியவர்கள் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும், காந்திய தம்பதி. லாஃப்டி என்ற அமைப்பை 1981-இல் தொடங்கியிருந்தார்கள். அந்த நிலத்துக்குப் பக்கத்திலேயே இறால் குட்டைகள் வந்தன. கூலிப் பெண்கள் குட்டைக் கரையில் உட்கார்ந்து சத்தியாகிரகம் செய்தார்கள். இது விநோதமான காட்சி. வழக்கமாக நிலத்துக்குப் போராடுகிறவர்கள் நிலம் கேட்பார்கள், இவர்கள் கிடைத்த நிலத்தில் உப்பு ஊறாமல் இருக்கவேண்டும் என்று கேட்டார்கள். ஒரு ஏக்கர் நெல்லில் நாற்று நட, களை எடுக்க, அறுக்க எத்தனை பெண்களுக்கு வேலை! குட்டைக்கு இரண்டு காவல்காரன் போதும்.

1994-இல் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். வழக்கு விசாரணையில் நாக்பூரின் நீரி நிறுவனம் கடலோரங்களைப் பார்த்து அறிக்கை கொடுத்தது. வருகிற லாபத்தைவிட ஆகிற சேதம் அதிகம் என்றது அந்தக் கணக்கு. 1996 டிசம்பர் 11 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. அதன் சாரம் எளிமையானது. இறால் பண்ணை ஒரு தொழிற்சாலை மாதிரிதான். 1991 கடலோர ஒழுங்குமுறை அறிவிப்பு தடை செய்த இடத்தில் அது இருக்கக் கூடாது, 1997 மார்ச் 31-க்குள் இடிக்க வேண்டும். விவசாய நிலம், உப்பளம், சதுப்பு நிலம், கிராமப் பொது நிலம் எதையும் குட்டையாக்கக் கூடாது. கெடுத்தவர் ஈடு கொடுக்க வேண்டும். பழைய முறையில் வளர்ப்பவர்களுக்கு மட்டும் விலக்கு.

புதுச்சேரிக்கு இந்தக் கதை தூரத்துக் கதை இல்லை. காரைக்கால் 2020 வரை நாகை மாவட்டத்துக்கு நடுவில் செருகிய மாதிரி இருந்தது. பாகூர் கொம்யூனோ கடலூருக்குள் துண்டு துண்டாகக் கிடக்கிறது, இந்த வயல் நம்முடையது, வரப்புக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. தமிழ்நாடு 1995-இல் தனக்கென ஒரு நீர்வாழ் உயிர் வளர்ப்பு ஒழுங்குமுறைச் சட்டம் போட்டது. ஆற்றுக்கு எந்தச் சட்டம் எந்த வரப்போடு முடிகிறது என்று தெரியுமா? பெண்ணையின் வடகரையில் சோரியாங்குப்பம், குருவிநத்தம். தென்கரையில் கடலூர். ஒரு கரையில் விட்ட கழிவு மறுகரைக் கிணற்றைத் தேடிப் போகும்.

தீர்ப்பு நிலைத்ததா? இல்லை. மறுசீராய்வு மனுக்கள் போயின, இடிப்பு நின்றது. குட்டைக்காரர்கள் எல்லாரும் பெரிய கம்பெனி இல்லை என்பதும் உண்மை, இரண்டு ஏக்கர் வைத்துக் கடன் வாங்கி இறங்கியவர்களும் நிறையப் பேர். அவர்களை முன்னால் நிறுத்தித்தான் வாதம் நடந்தது. 2005-இல் நாடாளுமன்றம் கடலோர நீர்வாழ் உயிர் வளர்ப்பு ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன் 27-ஆம் பிரிவை ஒரு தடவை படித்துப் பார்க்க வேண்டும். 1991 பிப்ரவரி 19 அறிவிப்புக்குள், கடலோர நீர்வாழ் உயிர் வளர்ப்புக்கு இது பொருந்தாது என்ற வரியைச் சேர்க்கிறது. அதுவும் 1991 பிப்ரவரி 19-ஆம் தேதியிலிருந்தே அந்த வரி இருந்ததாகக் கொள்ள வேண்டுமாம். பதினாலு வருஷம் பின்னால் நடந்து போய்ச் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். சுனாமி வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. கடலோரத்தில் எதை எங்கே வைக்கலாம் என்று நாடே யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது!

அதே சட்டம் உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் பண்ணை கூடாது என்றது, பண்ணைகள் பதிவு செய்ய வேண்டும் என்றது, மீறினால் மூன்று வருஷம்வரை சிறை என்றது. 2023 ஆகஸ்ட் திருத்தத்தில் சிறை போய் அபராதம் வந்துவிட்டது. குஞ்சுப் பொரிப்பகங்களுக்கு 200 மீட்டருக்குள்ளும் இடம் கிடைத்தது.

இதற்கிடையே இறாலே மாறிவிட்டது. 2009-இல் வனாமி இறாலுக்கு அனுமதி கிடைத்தது. டைகருக்குக் கடல் பக்கத்தில் வேண்டும், வனாமிக்கு அவ்வளவு உப்பு வேண்டாம். கொஞ்சம் உவர்ப்பான போர்த் தண்ணீரே போதும். அதாவது இப்போது பண்ணைக்குக் கடலே தேவையில்லை, உவர்ந்துபோன கிணறு போதும். முதல் தலைமுறைக் குட்டை நிலத்தை உவராக்கியது, அடுத்த தலைமுறைக் குட்டைக்கு அந்த உவர் நிலமே மூலதனம். "நெல்லு வராது, இறாலாவது போடுவோம்" என்று சொல்கிற விவசாயியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பக்கத்து வயலில் நெல் வந்துகொண்டிருக்கிறதே, அதை யார் பார்ப்பது? தாய்லாந்தில் இதே மாதிரி இறால் உள்நாட்டு நெல் நிலத்துக்குள் நுழைந்தபோது, 1998-இல் நன்னீர்ப் பகுதிகளில் அதைத் தடை செய்தார்கள். உலகிலேயே அதிகம் இறால் விற்ற நாடுகளில் ஒன்று செய்த காரியம் அது.

நல்ல தண்ணீர்க் குட்டைகளும் சாதுவானவை இல்லை. கட்லா, ரோகு வளர்த்தால் பெரிய தொல்லை இல்லை. ஆப்பிரிக்கக் கெளுத்தி வேறு கதை. கோழிக்கடைக் கழிவைப் போட்டாலே வளரும், சாக்கடைத் தண்ணீரிலும் பிழைக்கும், நாட்டு மீனைத் தின்றுவிடும். மத்திய அரசு 2000-இலேயே தடை செய்தது. இன்னமும் பல ஊர்ச் சந்தைகளில் உயிரோடு நெளிகிறது. ஆற்றோரக் குட்டையில் இருக்கும் மீன் என்றைக்காவது ஆற்றுக்குப் போகும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் மழைக்குச் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்தார்கள், பாகூர்ப் பக்கத்துக் கிராமங்கள் மூழ்கின. அந்த மாதிரி வெள்ளத்தில் எந்தக் குட்டைக் கரை நிற்கும்?

வெள்ளம் இல்லாத மாதங்களில் பிரச்சினை தலைகீழ். 1958-இல் சாத்தனூர் அணை வந்த பிறகு கோடையில் பெண்ணையில் மணல்தான் ஓடும், அதையும் பிறகு அள்ளிவிட்டார்கள். வில்லியனூர்ப் பக்கம் சங்கராபரணியிலும் அதே கதை, திருக்காஞ்சிக் கோயில் படித்துறையில் நின்று பார்த்தால் தெரியும். மேலேயிருந்து நல்ல தண்ணீர் தள்ளாவிட்டால் கீழேயிருந்து கடல் ஏறும். உப்பு ஏறியதற்குப் பண்ணை மட்டும் காரணமில்லை. ஆழ்குழாய், மணல், அணை எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. இதையேதான் பண்ணைக்காரரும் சொல்கிறார், சரிதான். ஆனால் ஏற்கெனவே நோயாளியாக இருப்பவன் வாயில் உப்பை அள்ளிப் போடுவதற்கு அது நியாயமாகாது.

மணப்பட்டுப் பெரியவர் வீட்டில் இப்போது குடிக்கத் தண்ணீர் கேனில் வருகிறது. பருப்பும் அதில்தான் வேகிறது. மாட்டை விற்றுவிட்டார்.